குளக்கட்டும் வானமும்: பொதுவானதை யார் காப்பது?

மாரி தொடங்குவதற்கு முன்னர் குளக்கட்டைத் திருத்த வேண்டும் என்பது எந்தக் கமக்காரருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விடயமல்ல. இன்று இடம்பெயர்ந்து வேறு ஊரில் இருப்பவர்களும் தமது ஊர்க் குளத்தின் கட்டில் எந்த இடம் பலவீனமானது, எந்தப் பக்கத்தில் நீர் கசியும் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த அறிவைக் கொண்டே இம்முறை ஒரு பெரிய விடயத்தைப் படிக்கப் போகிறோம்.

மழை பருவம் தவறுகிறது, வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். 2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் பாதிக்கப்பட்டனர். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. இத்தகைய அழிவுகள் முன்பும் வந்ததுண்டு. ஆனால் பூமி சூடாகும்போது கடும் மழையும் கடும் வரட்சியும் மேலும் கடுமையாகின்றன என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

பூமி சூடாவதைத் தடுக்க வழி தெரிந்திருந்தும் உலக நாடுகள் ஏன் ஒன்றுசேரத் தயங்குகின்றன? இந்தக் கேள்விக்கான விடை எமது குளக்கட்டிலேயே இருக்கிறது.

நாற்பது குடும்பங்களின் கணக்கு

ஒரு குளத்தின் கீழ் நாற்பது குடும்பங்கள் வயல் செய்வதாக வைத்துக்கொள்வோம். கட்டில் ஒரு நாள் வேலை செய்ய ஒரு குடும்பத்துக்கு 2000 ரூபா செலவாகிறது. அன்று வேறு இடத்தில் பெறக்கூடிய கூலியை இழப்பதே அச்செலவு. அந்த ஒரு நாள் வேலையால் காப்பாற்றப்படும் விளைச்சலின் பெறுமதி 6000 ரூபா. ஆனால் குளத்து நீர் எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே இந்த 6000 ரூபா நாற்பது குடும்பங்களுக்கும் பிரிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 150 ரூபாவாகவே போய்ச் சேருகிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம்.

1. நாற்பது குடும்பங்களும் வேலை செய்தால் ஒவ்வொன்றுக்கும் 6000 ரூபா நன்மை. செலவு 2000 போக மிச்சம் 4000 ரூபா.

2. ஒரு குடும்பம் மட்டும் வராமல் நின்றால் அக்குடும்பத்துக்கு 39 பேரின் வேலையால் 5850 ரூபா கிடைக்கிறது. செலவு எதுவுமில்லை. வேலை செய்து பெறும் 4000 ரூபாவிலும் இது அதிகம்.

3. இதைப் பார்த்து முப்பது குடும்பங்கள் நின்றுவிட்டால், வேலை செய்யும் பத்துக் குடும்பங்களுக்கும் கிடைப்பது தலைக்கு 1500 ரூபா. செலவோ 2000. ஆகவே 500 ரூபா நட்டம். அடுத்த வருடம் அந்தப் பத்துப் பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள். கட்டு உடையும்.

இங்கே எவரும் கெட்டவர் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். ஆயினும் எல்லோரது சரியான கணக்கும் சேர்ந்து குளத்தை அழித்துவிட்டது. பிறர் உழைப்பில் குளிர்காய்வது என்று நாம் சொல்வதைப் பொருளியலாளர் பொதுப்பொருட்களின் பிரச்சினை என ஆராய்கின்றனர்.

கிராமம் கண்ட வழி

அப்படியானால் எமது குளங்கள் நூற்றாண்டுக் கணக்காக நிலைத்தது எப்படி? முன்னோர் சில ஒழுங்குகளை வைத்திருந்தனர்.

முதலாவது, பங்கு. எவருக்கு எவ்வளவு வயலோ அந்த அளவுக்குக் கட்டில் அவரது பங்கு அளந்து விடப்பட்டது. இரண்டாவது, கண்காணிப்பு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது விதானைக்கும் தெரியும், அயலவருக்கும் தெரியும். மூன்றாவது, தண்டனை. பங்கைச் செய்யாதவருக்குத் தண்டம் உண்டு. அல்லது தண்ணீர் முறை பிந்தும். நான்காவது, இரக்கம். நோயாளி வீட்டிடமும் கணவனை இழந்த பெண்ணிடமும் மண்வெட்டி கேட்கப்படவில்லை. அந்தப் பங்கை மற்றவர்கள் சேர்ந்து செய்தார்கள்.

எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்கப் பேரறிஞர் நேபாளத்தின் வாய்க்கால்கள் உட்படப் பல நாடுகளின் பொது நீர், பொதுக் காடு, மீன்பிடி ஆகியவற்றை ஆராய்ந்தார். பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்பது விதியல்ல. தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, சிறு தவறுக்குச் சிறு தண்டனையும் பெரிய தவறுக்குப் பெரிய தண்டனையும் வைத்த மக்கள் அதைக் காத்திருக்கிறார்கள் என்று அவர் காட்டினார். 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதலாவது பெண்மணி அவரே.

வானமும் ஒரு பொதுக்குளம்

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகிறது. அது போர்வை போல வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. கைத்தொழில்கள் பெருகுவதற்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ 1.5 பாகை செல்சியஸ் உயர்ந்து காணப்பட்டது.

இவ்வாயு எந்த நாட்டின் புகைபோக்கியிலிருந்து வந்தாலும் உலகம் முழுவதிலும் கலந்துவிடுகிறது. ஒரு நாடு தன் புகையைக் குறைத்தால் செலவு அந்நாட்டுக்கு, நன்மை எல்லா நாடுகளுக்கும். குளக்கட்டின் கணக்கும் இதுவேதான். ஆனால் மூன்று வேறுபாடுகள் உண்டு. நாடுகளுக்கு மேலே விதானை இல்லை. குளத்தில் இன்று செய்த வேலையின் பயன் அடுத்த போகத்தில் தெரியும். வானத்தில் செய்வதன் பயனைப் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளே காண்பார்கள். மூன்றாவது, குளக்கட்டை உடைத்தவரின் வயலும் காயும். இங்கோ அதிகம் புகை விட்டவர் ஒருவர், முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வேறொருவர்.

மூன்று உடன்படிக்கைகள்

நாடுகள் செய்துகொண்ட மூன்று உடன்படிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எது ஒற்றுமையைக் கட்டும், எது கட்டாது என்பது விளங்கும்.

(அ) மொன்றியல், 1987. சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படை அந்தாட்டிக்காவுக்கு மேலே மெலிந்துவிட்டதை 1985இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட வாயுக்களே காரணம். இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றைக் குறைக்க உடன்படிக்கை உருவாயிற்று. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்தன. இலங்கை 1989இல் இணைந்தது. அவ்வாயுக்களின் பாவனை ஏறத்தாழ முற்றாக நின்றுவிட்டது. உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவில் ஓசோன் படை 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என எதிர்பார்க்கப்படுகிறது.

இது ஏன் வெற்றி பெற்றது? மாற்றுவதற்கான செலவு சிறியது. நன்மை மிகப் பெரியது. தான் தனியே செய்தாலும் தனக்கு இலாபமே என்று ஐக்கிய அமெரிக்கா கணக்கிட்டுக் கண்டது. சேராத நாட்டுடன் இப்பொருட்களில் வியாபாரம் இல்லை என்ற விதி இருந்தது. வறிய நாடுகளுக்குப் பத்து ஆண்டுத் தவணை கொடுக்கப்பட்டது. 1990இல் அவற்றின் செலவை ஏற்க ஒரு நிதியம் உருவாக்கப்பட்டது. பங்கு, கண்காணிப்பு, தண்டனை, இரக்கம் என்று நாம் மேலே பார்த்த நான்கும் இங்கே இருந்தன.

(ஆ) கியோத்தோ, 1997. செல்வந்த நாடுகள் 2008 முதல் 2012 வரையான காலத்தில் தமது புகையை 1990இன் அளவிலிருந்து சராசரி 5 வீதம் அளவில் குறைக்க வேண்டும் என யப்பானின் கியோத்தோ நகரில் முடிவாயிற்று. ஆனால் வளரும் நாடுகளுக்கும் கடப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக்கூடாது என்று அமெரிக்க செனற் சபை அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே 95 வாக்குகளால் எதிர்ப்பின்றித் தீர்மானித்திருந்தது. 2001இல் அமெரிக்கா விலகிக்கொண்டது. 6 வீதம் குறைப்பதாக வாக்களித்த கனடா, புகை கூடியிருந்த நிலையில் 2011இல் விலகுவதாக அறிவித்தது.

இங்கும் தண்டனை எழுதப்பட்டிருந்தது. குறைத்த அளவு போதாவிட்டால் அந்தக் குறையுடன் மேலும் 30 வீதம் சேர்த்து அடுத்த தவணையில் குறைக்க வேண்டும். ஆனால் அது கடன்காரர் தாமே பெயரை வெட்டிவிடக்கூடிய கடன் புத்தகம். விலகிப் போகிறவருக்கு ஒன்றும் நேராது என்றால் தண்டனை வெறும் எழுத்தே.

(இ) பாரிஸ், 2015. கியோத்தோவில் பட்ட அனுபவத்தால், பாரிசில் எவருக்கும் பங்கு அளந்து விடப்படவில்லை. ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்ததைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை உயர்த்த வேண்டும். செய்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும். செய்யாவிட்டால் தண்டம் இல்லை, வெட்கம் மட்டுமே. வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு குறைவாக வைத்திருப்பதும், 1.5 பாகையில் நிறுத்த முயல்வதும் நோக்கம். அநேகமாக எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஆனால் ஐக்கிய அமெரிக்கா 2020இல் வெளியேறி, 2021இல் திரும்பி, 2025 ஜனவரியில் மீண்டும் விலக உத்தரவிட்டது.

ஆகவே பாரிஸ் தோல்வியா? ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாடுகள் நடைமுறைப்படுத்தும் கொள்கைகள் தொடர்ந்தால் இந்நூற்றாண்டின் முடிவில் வெப்பம் ஏறத்தாழ 2.8 பாகை உயரும். பாரிசுக்கு முன்னர் 3 பாகைக்கும் மேல் எனக் கணிக்கப்பட்டது. கொஞ்சம் முன்னேற்றம் உண்டு, போதாது.

அந்த முன்னேற்றத்துக்கு ஒரு முக்கிய காரணம் விலை. 2010க்குப் பின்னர் சூரிய மின்சாரத்தின் செலவு பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. எமது குளக் கணக்கில் ஒரு நாள் வேலையின் செலவு 2000இலிருந்து 140 ரூபாவாக இறங்கியதாக எண்ணுங்கள். தனக்கு வரும் 150 ரூபாவுக்காகவே ஒவ்வொருவரும் மண்வெட்டியைத் தூக்குவார். நல்ல வழியை மலிவாக்குவதும் ஒற்றுமைக்கு ஒரு வழியாகும்.

யாருடைய பங்கு எவ்வளவு?

பங்கை எதை வைத்து அளப்பது என்பதிலேதான் பெரிய சண்டை. ஒரு வருடத்தில் விடும் புகையைப் பார்த்தால் இன்று சீனா முதலிடத்தில் உள்ளது. உலகத்தின் புகையில் ஏறத்தாழ 30 வீதம் அதனுடையது. இதுவரை விட்ட புகை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஐக்கிய அமெரிக்கா முதலிடம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்கர் ஒருவருக்கு வருடத்துக்கு 14 தொன் அளவு, சீனருக்கு 8 தொன் அளவு, இந்தியருக்கு 2 தொன் அளவு, இலங்கையருக்கு ஏறத்தாழ 1 தொன்.

ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியான அளவுகோலையே எடுத்துக்கொள்கிறது. 1992இல் ரியோவில் கைச்சாத்தான ஐ.நா. காலநிலைச் சமவாயம் இதற்கு ஒரு நியாயம் சொன்னது: பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவல்ல. இதை விளங்கிக்கொள்ள எமக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. யுத்த காலத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் கட்டுப்பங்கு பல வருடங்கள் திருத்தப்படாமல் கிடந்தது. அக்குடும்பம் திரும்பி வந்ததும், "இத்தனை வருடத்து வேலையையும் நாளைக்கே செய்" என்று நல்ல ஊர் கேட்குமா? அதேவேளை, இனிமேலும் உனக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லாது. தாங்கக்கூடிய அளவைக் கொடுத்து, வயல் நிமிர நிமிரக் கூட்டும்.

பணம்: உதவியா, கடனா?

செல்வந்த நாடுகள் 2020ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாக 2009இல் கொப்பன்ஹேகனில் கூறின. அத்தொகை முதன்முறையாக எட்டப்பட்டது 2022இல், இரண்டு ஆண்டுகள் பிந்தி. 2024இல் பாக்குவில் நடந்த மாநாட்டில் 2035ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 300 பில்லியன் என்று புதிய வாக்குறுதி தரப்பட்டது.

இத்தொகைகளைக் கேட்கும்போது ஒன்றை விசாரிக்க வேண்டும். இதுவரை வந்த அரசாங்கப் பணத்தில் பெரும்பகுதி நன்கொடை அல்ல, கடன். அயலவர் கட்டை உடைத்ததால் என் வயல் அழிந்தது; மறுபடி விதைக்க அந்த அயலவரே வட்டிக்குப் பணம் தருகிறார் என்றால் அதற்கு உதவி என்று பெயர் வைக்கலாமா?

அழிந்துபோனதற்கு ஈடு என்பது இன்னொரு கேள்வி. கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்பைச் செல்வந்த நாடுகள் ஏற்க ஒரு காப்புறுதி வேண்டும் என்று பசுபிக் தீவான வனுவாத்து, சிறு தீவு நாடுகளின் சார்பில் 1991இலேயே கேட்டது. அதற்கான நிதியத்தை அமைக்க நாடுகள் சம்மதித்தது 2022இல் எகிப்தில். முப்பத்தொரு வருடங்கள் சென்றன. அது 2023இல் டுபாயில் தொடக்கி வைக்கப்பட்டபோது வாக்களிக்கப்பட்ட தொகை ஒரு பில்லியன் டொலரைக்கூட எட்டவில்லை.

ஆயினும் விடாமல் கேட்டவர்களுக்கு இன்னொரு பலனும் கிடைத்தது. பசுபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாத்து அரசு பொறுப்பேற்று உலகின் முன் வைத்தது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் ஈடு கொடுக்க வேண்டியும் வரலாம் என்றும் கருத்துரைத்தது. இது கட்டாயத் தீர்ப்பல்ல. ஆனால் கேட்பவர் கையில் இப்போது ஒரு பத்திரம் இருக்கிறது.

விலகுபவரை என்ன செய்வது?

2018இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸ் ஒரு யோசனை சொன்னார். புகையைக் குறைக்கும் நாடுகள் ஒரு சங்கமாகச் சேர வேண்டும். சேராத நாடுகளின் பொருட்களுக்குத் தீர்வை விதிக்க வேண்டும். எமது கணக்கில் பதின்மூன்று குடும்பங்கள் சேர்ந்தாலும் நட்டம். பதினான்கு சேர்ந்தால் சிறு இலாபம். எண்ணிக்கை அந்த எல்லையைத் தாண்டி, நிற்பவருக்குத் தண்டமும் இருந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்பதே அவரது எண்ணம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் போன்ற ஒரு வழியைத் தொடங்கியுள்ளது. சீமெந்து, இரும்பு உருக்கு, அலுமினியம், பசளை முதலியவற்றை இறக்குமதி செய்வோர், அவற்றைச் செய்யும்போது வெளியான புகைக்கு 2026 முதல் விலை கொடுக்க வேண்டும். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பெரிய புகைகாரர் திருந்தலாம். ஆனால் வறிய நாட்டின் சிறு ஏற்றுமதியாளரும் அதே வாயிலில் நிறுத்தப்படுகிறார். தண்டம் மட்டும் இருந்து தவணையும் நிதியமும் இல்லாவிட்டால் அது மொன்றியல் வழியின் பாதி மட்டுமே.

எமக்கு இதில் என்ன?

உலகப் புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிலும் குறைவு. நாம் அடுப்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வானம் மாறப்போவதில்லை. ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் "உலகைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, இழப்பை எழுதி வையுங்கள். எந்தத் திகதியில் வெள்ளம், எத்தனை ஏக்கர், எத்தனை மூடை விதைநெல், எத்தனை மாடு என்று கொப்பியில் குறித்து, அயலவர் இருவரின் கையொப்பத்தையும் பெறுங்கள். நாளை எந்த நிதியத்திலிருந்து எது வந்தாலும் எழுத்தில் இல்லாத இழப்பு கணக்கில் வராது. காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கும், மற்றவர் காணியில் குத்தகைக்குச் செய்தவர்களுக்கும் இது இரட்டிப்பு அவசியம்.

இரண்டாவது, கேளுங்கள். காலநிலையின் பெயரால் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது, இது நன்கொடையா கடனா, பட்டியலில் யார் யார், தற்காலிக இடத்தில் இருப்போரின் பெயர் உண்டா என்று கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள்.

மூன்றாவது, எமது சிறு பொதுச்சொத்தில் ஒழுங்கைக் காப்போம். முகாமின் கிணறோ, திரும்பிய ஊரின் வாய்க்காலோ எதுவாயினும் பங்கு, கண்காணிப்பு, தண்டனை, இரக்கம் நான்கும் அங்கே வேண்டும். பெரிய நாடுகளைக் குறை சொல்லும் உரிமை அப்போது எமக்கு இன்னும் உறுதியாகும்.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் ஊர்க் குளத்தில் பங்கைச் செய்யாதவருக்கு என்ன நடந்தது? அந்த ஒழுங்கு எப்போது, ஏன் தளர்ந்தது?

2. பங்கை அளக்க இன்றைய புகை, இதுவரையான புகை, தலைக்குரிய புகை ஆகிய மூன்றில் எது நியாயமானது? காரணம் கூறுங்கள்.

3. மேலே உள்ள கணக்கில் வராத குடும்பத்துக்கு 1850 ரூபாவுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தால் என்ன நடக்கும்? அந்தத் தண்டத்தை யார் அறவிடுவது?

4. கடந்த வெள்ளத்தில் அல்லது வரட்சியில் உங்கள் குடும்பம் இழந்தவற்றைப் பட்டியலிடுங்கள். அவற்றில் பணத்தால் ஈடுசெய்ய முடியாதவை எவை?